சுவருக்குள் ஒரு கடல்

"விக்கப் போற வீட்டுல, சுவத்துக்குள்ள எதுக்குங்க கடல்?"

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். பேஸ்மென்ட் முழுக்க சிமென்ட் தூசி. நடுச்சுவரில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குப் பெரிய ஓட்டை. அதற்கு எதிரே, ஆறு பேர் முக்கி முனகி இறக்கி வைத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டி.

"இதெல்லாம் இருந்தாதான் வீடு எடுப்பா இருக்கும். நல்ல விலை போகும்," என்றார் பம்புக்காரர்.

பம்பு கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் அவருக்கு அந்தப் பெயர்தான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர் என்பதால், சொல்லும்போதே காது சிவந்துவிட்டது.

உண்மையில் வீட்டை விற்க அவருக்குத் துளியும் மனசில்லை. "எதுக்கு இவ்ளோ பெரிய வீட்டுல ரெண்டு பேரும் கஷ்டப்படுறீங்க? வித்துட்டு எங்க பக்கத்துலயே வந்துடுங்க" என்று மகள் போனில் சொன்னபோது, "சரிம்மா" என்று முதலில் தலையாட்டியவள் மனைவிதான். பேத்தியைப் பார்க்க ஏங்குகிறாள் போலிருக்கிறது. அவளிடம் போய் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவரும் "சரிம்மா" என்றுவிட்டார்.

அதற்குப் பிறகு யோசித்து யோசித்துப் பிடித்த வழி இது. 'விக்கிறதுக்கு முன்னாடி பேஸ்மென்ட்டைச் சரி பண்ணுங்க சார்' என்று தரகர் சொல்லி வைத்திருந்தார். சரி பண்ணுகிற சாக்கில் சுவரிலேயே ஒரு கடலைப் பதித்துவிட்டால்? பவளமும் பாறையும் உப்புத் தண்ணீருமாக இருக்கிற வீட்டை எவன் வாங்குவான்? வீடும் நிற்கும், பழியும் தன் தலையில் விழாது.

மனைவி டேப்பை எடுத்து வந்து தொட்டியின் நீளத்தை அளந்து பார்த்தாள். "அம்மாடி!" என்று தலையில் அடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

மறுநாள் காலை, சுவர் வேலைக்கு வந்திருந்த மேஸ்திரியைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போனாள். பிறகு கணவனிடம் வந்து, "ஏணி மாதிரி நேராப் போற படியில ஏறி ஏறி என் மூட்டே கழண்டு போச்சு. பாதியில திரும்புற மாதிரி, தாழ்வாக் கட்டச் சொல்லிட்டேன்," என்றாள்.

"விக்கப் போற வீட்டுக்கு எதுக்குப் புதுப் படி?"

"விக்கிற வரைக்கும் நான் நடக்க வேணாமா?"

அவருக்குச் சுருக்கென்றது. இவள் இந்த வீட்டில் வலியோடு நடக்கிறாள், நான் இவளை இங்கேயே கட்டிப்போடப் பார்க்கிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

தொட்டி சுவரில் ஏறியது. பின்பக்க அறையில் பம்பு, வடிகட்டி, குழாய் எல்லாம் அவர் கைவேலை. பாறைகளை அடுக்கி, உப்புக் கலந்த தண்ணீரை நிரப்பினார். தரகர் போன் செய்யும்போதெல்லாம் "தண்ணி இன்னும் பக்குவமாகல, இப்ப யாரையும் கூட்டிட்டு வராதீங்க," என்று வாரக்கணக்கில் இழுத்தடித்தார்.

கடைசியில் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. மனைவி தினமும் சாயங்காலம் இரண்டு டம்ளர் டீயோடு கீழே இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பெருசு அப்படியே உங்களை மாதிரி. ஒரே இடத்தைச் சுத்தி சுத்தி வருது பாருங்க!" என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பை விட்டு எந்த ஊருக்கும் போக வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஒருநாள் தரகர் நேரிலேயே வந்துவிட்டார்.

"தொட்டி பிரமாதம் சார். ஆனா வாங்குற பார்ட்டி ரெடியா இருக்காங்க, அவங்களுக்கு மீன் வேணாமாம். தொட்டியை எடுத்துட்டு சுவத்தை அடைச்சுக் குடுத்துடுங்க."

பம்புக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "எடுக்கறதா? எப்படி எடுக்கறது?"

"வந்த வழியாவே போகும் சார்!"

"அதானே," என்றாள் மனைவி, மீனுக்குத் தீனி தூவியபடி. "வந்த வழியாவே போகட்டும்."

தரகர் தொட்டியை அளந்தார். புதுப் படியில் ஏறி, திரும்புகிற இடத்தில் நின்று அங்கேயும் அளந்தார். தலையைச் சொறிந்தார்.

"இந்தத் திருப்பத்துல சிக்கிக்குமே! படியை இடிச்சா?"

ஓரத்தில் கடைசி டைல்ஸை ஒட்டிக்கொண்டிருந்த மேஸ்திரி நிமிர்ந்தார். "காங்கிரீட்டுங்க. அதை இடிச்சா மேல இருக்கிற சமையல்கட்டே கீழ வந்துடும்."

"அப்ப கண்ணாடியை உடைச்சு..."

"பவளம் இப்பத்தான் பாறையைப் பிடிச்சு வளருது," என்று மனைவி வெடுக்கென்று திரும்பினாள். "உயிர் இருக்கிற வீட்டை உடைப்பாங்களா? அந்தப் பேச்சே வேணாம்."

மீன் பைத்தியம் யாராவது கிடைத்தால் சொல்வதாகச் சொல்லிவிட்டுத் தரகர் கிளம்பிவிட்டார்.

"டீ போடறேன்," என்ற மனைவி, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினாள்.

பம்புக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லவேளை மேஸ்திரி! அவ மூட்டு வலிக்காக நீங்க படியைத் திருப்பிக் கட்டினது வீட்டையே காப்பாத்திடுச்சு."

"மூட்டு வலியா?" மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்தார். "தொட்டி அளவை எடுத்துட்டு வந்து, 'இது ஜென்மத்துக்கும் மேல ஏறக் கூடாது, அப்படி வளைச்சுக் கட்டுங்க. ஐயா வீட்டை விக்கணும்னு ஆசையா இருக்காரு, அவருக்கு மட்டும் தெரிய வேணாம்'னு அம்மா சொன்னாங்களே!"