அம்மாவின் கை வாடை

எம்.எஸ்சி. வேதியியலின் இரண்டு வருடமும் தாட்சாயணி கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் படித்தாள். அந்தப் பக்கம், நீலக் கையுறை மாட்டிய இயந்திரக் கைகள் அவள் சொன்னதையெல்லாம் கலக்கின, காய்ச்சின. மாணவர் நலன் கருதி அவர்கள் யாரையும் உள்ளே விடுவதில்லை.

கடைசி வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை, கண்ணாடிச் சுவரோரம் இருந்த மேசைமேல் ஒரு சின்ன பாட்டிலை வைத்தார்.

"மோந்து பாத்துச் சொல்லும்மா. கம்ப்யூட்டர் கூடாது."

முன்னால் போன ஒன்பது பேரும் உதட்டைப் பிதுக்கிவிட்டு வந்திருந்தார்கள். தாட்சாயணி மூடியைத் திறந்து, புத்தகத்தில் சொன்னபடி கையால் காற்றை மூக்குப் பக்கம் விசிறினாள். அழுகின மீன் வாடை. மீனே வாங்காத நாளிலும் அவள் வீட்டில் அடிக்கிற அதே வாடை. புத்தகத்தில் அதற்கு எதிரே போட்டிருந்த பெயர் சட்டென்று ஞாபகம் வந்தது.

"பிரிடின், மேடம்."

"பரவாயில்லையே! உள்ளயே போனதில்ல, எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எங்கம்மா இங்கதான் குடுவை கழுவுறாங்க, மேடம். சோறு போடும்போது அவங்க கையில இந்த வாடைதான் வரும்."

மார்க் போட எடுத்த பேனா அப்படியே நின்றது.

"வெறுங்கையாலயா கழுவுறாங்க?"

தாட்சாயணி கண்ணாடி வழியே பார்த்தாள். இரண்டு வருடமாகத் தினமும் பார்த்த காட்சிதான். தொட்டியருகே குனிந்து அம்மா வெறுங்கையால் குடுவைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் இயந்திரக் கை, பழைய கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை நிதானமாக மாட்டிக்கொண்டிருந்தது.