முன்னூற்று நாலின் பிரேக்

"குறுக்கே நிறுத்துற வண்டிக்குக் கை பிரேக் போடுறவன் மனுஷனே இல்லை! எத்தனை தடவை சொல்றது? மனுஷனே இல்லை!"

குப்பை பிரிக்கும் நாள் என்பதால் குடியிருப்பே கீழேதான் இருந்தது. தோயுன் அம்மாவுக்கு அது இன்னும் வசதி. மாதர் சங்கத் தலைவி. கூட்டத்தைப் பார்த்தால் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும்.

எங்கள் குடியிருப்பில் கார் அதிகம், இடம் குறைவு. நேரம் கழித்து வருகிறவர்கள் மற்றவர் காருக்குக் குறுக்கே நிறுத்திக்கொள்ளலாம். நியூட்ரலில் விட்டு, கை பிரேக் போடாமல் போக வேண்டும், அவ்வளவுதான். காலையில் உள்ளே மாட்டிக்கொண்டவர் ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கிளம்பிப் போவார்.

முன்னூற்று நாலாம் வீட்டு பியோவின் பழைய வெள்ளைக் காரை மட்டும் கொஞ்ச நாளாக யாராலும் தள்ள முடியவில்லை. அதுவும் சொல்லிவைத்தாற்போல் தோயுன் அம்மாவின் காருக்கு முன்னால்தான் நிற்கும். தினமும் போன் போட்டு அவரை எழுப்ப வேண்டும்.

பியோ தூக்கக் கலக்கத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"பிரேக் போடலைங்க, தோயுன் அம்மா. பின் சக்கரத்துல பிரேக்கோட காலிப்பர் பிடிச்சுக்கிச்சு. நம்ம குன்சான் கடல் காத்துக்குத் துரு ஏறிடுது. ராத்திரி நிறுத்தினா காலையில விட மாட்டேங்குது."

"இத்தனை நாளாவா விடாம பிடிச்சுக்கிட்டிருக்கு? எங்க வீட்டுக்காரர் என் கையைக்கூட அப்படிப் பிடிச்சதில்லையே!"

அட்டைப் பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது.

"ரிப்பேருக்குக் கொண்டு போகணும். நேரம் கிடைக்கலைங்க."

"எனக்குக் கிடைச்சுது. கூ, வாங்க இப்படி!"

தெருமுனை மெக்கானிக் கூ, ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இவர் கழட்டிப் பாக்கட்டும். நிஜமா பிடிச்சிருந்தா செலவு என்னோடது, எல்லார் முன்னாலயும் மன்னிப்பும் கேக்கறேன். இல்லைன்னா இன்னியோட உங்க வண்டி இந்த கேட்டுக்குள்ள நுழையக் கூடாது."

வெளியே என்றால் மீன் துறைமுகத்துப் பக்கம்தான் இடம். அங்கிருந்து ஏற்றத்தில் நடந்து வர வேண்டும். பியோவுக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

"எதுக்குங்க அவருக்கு வீண் சிரமம். நானே பாத்துக்கறேன்."

"பயத்தைப் பாருங்க! சாவியைக் குடுங்க, முன்னூத்தி நாலு."

கூ வண்டியைத் தூக்கி நிறுத்திப் பின் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே குனிந்து பார்த்தவர் காதைச் சொறிந்தார்.

"என்ன, துருவா?" என்றாள் தோயுன் அம்மா.

"துரு எங்கேம்மா இருக்கு? ரப்பர் புதுசு, கிரீஸ் புதுசு..." சட்டென்று நிமிர்ந்தார். "அட, இதை நான்தானே போன வாரம் சரி பண்ணேன்! துருவைச் சுரண்டி, ரெண்டு பக்கமும் சுத்தம் பண்ணிக் குடுத்தேனே!"

பியோ தரையைப் பார்த்தார்.

கூ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "காலிப்பர் சொக்கத் தங்கம். கை பிரேக்கைத்தான் கடைசிப் பல்லு வரைக்கும் இழுத்து வெச்சிருக்காரு."

அப்புறம் என்ன, வாய்க்கு வந்ததெல்லாம் வந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. "இந்தப் பூனை மூஞ்சிக்குள்ள இவ்வளவு பொய்யா?" என்று என் பங்குக்குப் போட்டேன்.

தோயுன் அம்மா கார்க் கண்ணாடியில் ஒட்டியிருந்த குடியிருப்பு ஸ்டிக்கரை நகத்தால் கிழிக்க ஆரம்பித்தாள்.

"அப்படி என்னங்க பகை என் மேல?"

"பகையெல்லாம் இல்லைங்க. வண்டியை எடுத்துடறேன். ஒண்ணே ஒண்ணு. உங்க கார் முன்னாடி இனிமே வேற யாரையாவது பிரேக் போட்டு நிறுத்தச் சொல்லுங்க."

"கொழுப்பைப் பாத்தீங்களா!"

பியோ வாயைத் திறந்தார். வாசற்பக்கம் கண் போனதும் மூடிக்கொண்டார்.

தோயுன் அம்மாவின் மாமனார் வந்துகொண்டிருந்தார். துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து எந்தக் காலத்திலோ ஓய்வு பெற்றவர். 'வயசுதான் எண்பது, மூளை கத்தி மாதிரி' என்று மருமகள் லிப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். மறதி, கிறதி என்று யாராவது ஆரம்பித்தால் கடித்துக் குதறிவிடுவாள்.

பெரியவர் கோட்டு, டை, பளபளக்கும் ஷூ என்று முழு உடுப்பில் இருந்தார். கையில் அவர்கள் வீட்டுக் கார் சாவி.

மருமகளின் நகம் ஸ்டிக்கரிலேயே நின்றது.

"மாமா... அதை அரிசிப் பெட்டிக்குள்ள இல்ல புதைச்சு வெச்சிருந்தேன்?"

அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. நேராக பியோவிடம் போய், மரியாதையாகத் தலை குனிந்தார்.

"தம்பி, தினம் விடியறதுக்கு முன்னாடி வந்து உங்க வண்டியைத் தள்ளித் தள்ளிப் பாக்கறேன், இம்மி நகர மாட்டேங்குது. நீங்களும் அரைத் தூக்கத்துல ஓடி வந்து, 'பிரேக் பிடிச்சுக்கிச்சு ஐயா, நாளைக்குப் போலாம்'னு என்னை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு விட்டுடறீங்க. அங்கே ஆபீஸ்ல என் கையெழுத்துக்காகக் கப்பலே காத்துக்கிட்டு நிக்குது. நாளைக்காவது அந்த பிரேக்கைக் கொஞ்சம் எடுத்து விட்டுடுங்க, தம்பி."