ஸ்டீராய்டு கலக்காதது

"ஸ்டீராய்டா? என் மருமவளுக்கா? ஆளைப் பாத்துப் பேசுங்கம்மா."

பிரசவ வார்டு வாசலில் சொரிமுத்து வைத்தியர் போட்ட சத்தத்தில், அந்தப் பக்கம் போன வார்டுபாய் டிராலியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தான்.

பேசாமல் இருப்பாரா மனுஷன்? தாராவியில் முப்பது வருஷமாக மூட்டுவலிச் சூரணம் விற்கிறவர். பொட்டலத்துக்குப் பொட்டலம் சிவப்பு எழுத்தில் 'ஸ்டீராய்டு கலக்காதது' என்று ஸ்டிக்கர் வேறு. சாப்பிட்ட ஆளுக்கு ரெண்டே நாளில் முட்டிவலி பறந்துவிடும். மூணு மாசத்தில் கன்னம் கொழுகொழுவென்று ஆகிவிடும். அதை அவர் ஆரோக்கியம் என்பார்.

ஞாயிறு தவறாமல் உட்கார்ந்து அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறவன் அவர் மகன் ஹரி. அப்பா சொல்லிவிட்டால் அவனுக்கு மறுபேச்சே கிடையாது. அவன் பெண்டாட்டி பானுமதிக்குத்தான் இப்போது ஏழாம் மாசத்திலேயே வலி கண்டுவிட்டது.

டாக்டர் மாட்டுங்காத் தமிழ்ப் பெண். பொறுமையாகத்தான் சொன்னாள்.

"அங்கிள், இப்பவே பிறந்தா குழந்தை மூச்சு விடத் திணறும். மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். அப்புறம் நடக்கறது, பேசறது எல்லாமே கஷ்டமாயிடும். இந்த ஊசி அந்த ஆபத்தைக் குறைக்கும். ஆனா அது வேலை செய்ய நேரம் வேணும். முதல் ஊசி உடனே போட்டாகணும்."

"எலும்பை அரிச்சுரும். மூஞ்சி ஊதிரும். ஸ்டீராய்டு என்ன செய்யும்னு எனக்கே சொல்லித் தாரியளா?"

"வருஷக்கணக்கா முழுங்கினா அப்படித்தான் ஆகும். இது ரெண்டே நாள், நாலே ஊசி."

"ஏல ஹரி, நீ சொல்லு."

ஹரி வார்டுக் கதவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்றிருந்தது அவனுக்கு. அப்பாவை எதிர்த்துப் பேசித்தான் பழக்கமில்லை.

கதவுக்கு உள்ளிருந்து பானுமதியின் குரல் வந்தது.

"அவர் என்னத்தச் சொல்லுவாரு? வயிறு என்னது. பேப்பரைக் கொண்டாங்க டாக்டர், நான் போடுதேன் கையெழுத்து."

போட்டும் விட்டாள்.

ஆனால் வார்டில் மருந்து தீர்ந்துபோயிருந்தது. நர்ஸ் ஒரு சீட்டைக் கிழித்து ஹரியிடம் நீட்டினாள். "டெக்ஸா ஊசி, நாலு. எதிர்த்த மெடிக்கல்ல இருக்கும். ஓடுங்க."

சீட்டை எட்டிப் பார்த்த சொரிமுத்துவுக்குச் சட்டென்று சுருதி இறங்கிவிட்டது. பின்னாலேயே ஓடிவந்தார்.

"சரிலே, ஊசி போடட்டும். நான் வேண்டாங்கல. ஆனா எதிர்த்த கடை மட்டும் வேண்டாம். அவன்கிட்ட அம்புட்டும் போலிச் சரக்கு. மாட்டுங்காவுல வாங்குவோம். டாக்சி நான் பிடிக்கேன்."

"ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்னு சொல்லுதாங்கப்பா."

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஹரி அப்பா பேச்சைக் கேட்கவில்லை. ரோட்டைத் தாண்டி ஓடினான்.

சொரிமுத்து கடைக்குப் பத்தடி தள்ளியே நின்றுகொண்டார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வருகிற பஸ்ஸின் நம்பரை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

கடைக்காரர் மன்சூர் அலி சீட்டைப் பார்த்தார். நாலு ஊசியை எடுத்துக் கவரில் போட்டார். நிமிர்ந்தவர் ஹரியின் தோளுக்குப் பின்னால் பார்த்து, முகமெல்லாம் சிரிப்பானார்.

"வைத்தியரே, ஏன் அங்கனயே நிக்கிறீய? இந்தத் தம்பி உங்க ஆளா? நீங்க மாசாமாசம் வாங்குற டெக்ஸா மாத்திரை இருபது டப்பாவும் காலையிலேயே வந்துருச்சு. ஊசியும் அதே மருந்துதானே, ஒரே பில்லாப் போட்டுரவா?"