ரீபா டீச்சர் சொன்னது

“அந்த வார்த்தையை விட்டிருக்கக் கூடாது அண்ணாச்சி” என்றான் உதவியாளன் மகேஷ், தலைமையாசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு.

எம்.எல்.ஏ. சிவசங்கரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரே வைத்த டீ ஆறி, ஆடை படிந்து கிடந்தது.

முக்கூடலுக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையை ஒட்டி இருந்தது அந்தக் காது கேளாதோர் பள்ளி. புதிதாகக் கட்டிய இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவைக்க வந்திருந்தார். ரிப்பன் வெட்டியது, விளக்கேற்றியது எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. மைக்கைப் பிடித்த பிறகுதான் வினை.

“இந்த வகுப்பறைக்காக முன்னாடி ஆட்சியில இருந்தவங்ககிட்ட எத்தனை மனு குடுத்திருப்போம். ஒருத்தனாவது காதுல வாங்குனானா? எல்லாம் செவிட்டு ஜென்மங்க.”

இருபது வருஷமாக எல்லா மேடையிலும் சொல்லிப் பழகிய வசவு. எங்கே நிற்கிறோம் என்று மனசுக்கு உறைப்பதற்குள் நாக்கு சொல்லி முடித்துவிட்டது.

பின்வரிசையில் இருந்த பெற்றோர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். மேடையின் ஓரத்தில் நின்று அவர் பேச்சைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்த ரீபா டீச்சரின் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. சிவசங்கரனுக்கு வாய் உலர்ந்துவிட்டது. மேற்கொண்டு பேச வரவில்லை. டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார்.

நூற்றைம்பது பிள்ளைகளும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருந்தார்கள். விரல்களை விரித்து, உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பி ஆட்டினார்கள். முந்நூறு கைகள். துளி ஓசை இல்லை. வெளியே ஆறு ஓடுகிற சத்தம் கேட்டது. அதுதான் அவர்களுடைய கைதட்டல் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவருக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. மாலையும் பட்டாசும் பார்த்த மனுஷன்தான். ஆனால் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. அரைகுறையாகப் பேச்சை முடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

“பத்திரிகைக்காரங்க ரெண்டு பேரு வீடியோ எடுத்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஊரு பூரா சுத்தும்” என்றான் மகேஷ்.

“பிள்ளைக கை தட்டுச்சேலே.”

“அதான் அண்ணாச்சி நமக்குப் பிடி. அந்த டீச்சர் வேற என்னமோ மாத்திச் சொல்லியிருக்காங்க. இல்லாட்டி எப்படிக் கை தட்டும்? ‘பிள்ளைக மனசு புண்படலை’ன்னு அவங்ககிட்ட ரெண்டு வரி எழுதி வாங்கிருவோம். சோலி முடிஞ்சுது.”

ரீபா டீச்சரை வரச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வந்தவர் உட்காராமல் கதவோரமாகவே நின்றார்.

“நல்ல வேளை டீச்சர்” என்றார் சிவசங்கரன். “அந்த வார்த்தையை மாத்திச் சொல்லி என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க.”

“மாத்தலை சார்.”

“என்னது?”

“நீங்க சொன்னதை அப்படியேதான் சொன்னேன். ஒண்ணும் குறைக்கலை.”

மகேஷ் குறுக்கிட்டான். “ஏன் டீச்சர், கொஞ்சம் பாத்துச் சொல்லியிருக்கலாம்லா?”

“பெரிய பிள்ளைக உதட்டைப் பாத்தே பாதி புரிஞ்சுக்கிடுவாங்க. அதுலயும் இந்த வார்த்தை அவங்களுக்கு நல்லாவே தெரியும். பஸ்ஸுல, கடையில எல்லாம் அவங்களைக் கூப்பிடுத பேரே அதுதான். நான் மறைச்சேன்னு தெரிஞ்சா, நாளைக்கு என் கையை எப்படி நம்புவாங்க?”



சிவசங்கரன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி சிரித்தபடி இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். வரிசை முழுக்கக் கைகள் எழும்பின.

“எதுக்கு நிக்குதாங்க?”

“உங்களுக்குக் கை குடுத்து அனுப்பணுமாம் சார். நாங்க யாரும் சொல்லலை.”

சிவசங்கரன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தான் சொன்னது அவ்வளவும் தெரிந்தும் இந்தப் பிள்ளைகள் கையைத் தூக்கியிருக்கின்றன. இவ்வளவு பெரிய மனசை எங்கே வைத்திருக்கின்றன? ஒரு சின்னச் சொல்லுக்காக அவர் எத்தனை பேரை வருஷக்கணக்கில் பகைத்திருக்கிறார். கோயிலில் சந்நிதிக்கு முன்னால் நிற்கிற மாதிரி, தன்னை அறியாமல் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

“ஏலே மகேஷு, கதவைத் திற.”

“அண்ணாச்சி, அந்தக் கடுதாசி...”

“அது ஒண்ணும் வேண்டாம். டீச்சர், பிள்ளைகளை மறுபடியும் உக்கார வைக்கணும். நான் அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்.”

“மன்னிப்புக் கேட்டா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும் அண்ணாச்சி” என்றான் மகேஷ் பதறிப்போய். “வீடியோவைவிட அதுதான் மோசம்.”

“தப்புதானலே. ஒத்துக்கிட்டா என்ன? டீச்சர், நான் சொல்லச் சொல்ல நீங்க சைகையில சொல்லணும்.”

ரீபா டீச்சர் நகரவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“ஏன் டீச்சர், ஏத்துக்கிட மாட்டாங்களா?”

“அதுக்கில்ல சார்.” குரல் தாழ்ந்து வந்தது. “நீங்க பேச்சை நிறுத்துனதும், ‘தப்பாப் பேசிட்டேன், என்னை மன்னிச்சிருங்க’ன்னு நீங்க சொன்னதா நானாவே சேத்துச் சொல்லிட்டேன். அத்தனை கையும் அதுக்குத்தான் சார் எந்திரிச்சுது.”