பீமாராவ் நினைவுக் கோப்பை

கீழக்குயில்குடி மைதானத்தில் இலங்கை அணிக்கு எதிராக மலேசிய அணி பேட்டிங் செய்துகொண்டிருந்தது. போட்டியின் வரலாற்றை ஆண்டு மலருக்கு எழுத வந்த தமிழ்வாணி, போட்டியை நடத்தும் ஆண்டிச்சாமியின் பக்கத்தில் பந்தலில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க மகன் பீமாராவ் இறந்த வருசமே ஆரம்பிச்சிட்டீங்களாய்யா?"

"அடுத்த வருசம். மலேசியா, இலங்கை, நம்ம ஊருன்னு மூணு டீமு. எல்லாம் வேலைக்குப் போற பயலுக. லீவு போட்டு வந்து வெளையாடுறாங்க."

"போட்டியோட நோக்கம்னு என்ன எழுதட்டும்?"

"பெறகு சொல்றேன்."

"இலங்கை டீம்ல லோகேஸ்வரன்னு ஒருத்தரு. ஃபாஸ்ட் பவுலர்னு போட்டிருக்கு. ஒரு வருசம்கூட பந்தே போடலையே?"

"போடல."

"அப்ப எதுக்கு வாராரு?"

"நாங்கதான் டிக்கெட் போட்டுக் கூப்பிடுறோம்."

ஓவர் முடிந்தது. ஆண்டிச்சாமியின் மனைவி தங்கப்பொண்ணு எழுந்து மைதானத்துக்குள் போனார். அம்பயர் எதுவும் கேட்காமல் பந்தை அவரிடம் கொடுத்தார். தங்கப்பொண்ணு, பந்தலை ஒட்டிய எல்லைக்கோட்டில் நின்ற லோகேஸ்வரனிடம் வந்து, அதை அவன் கையில் வைத்தார்.

"ஒரு ஓவர் போடுப்பா. எம் மகன் ஹெல்மெட் இல்லாம நின்னு தலையில அடி வாங்குனதுக்கு ஒன் பந்து என்ன செய்யும்?"

லோகேஸ்வரன் பந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதை அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"சரி, அடுத்த வருசம் வாப்பா."

ஆண்டிச்சாமி தமிழ்வாணியின் பக்கம் திரும்பினார்.

"நோக்கம்னு கேட்டியேம்மா. அந்தப் பய ஒரு ஓவர் போடணும். போட்டுட்டான்னா இதை நிறுத்திரலாம்."