பன்னிரண்டு காலடி

காலடிகளை எண்ணும் செயலி, பின்னணியில் ஓடியே பேட்டரியைக் குடித்துத் தீர்க்கிறது என்று வாடிக்கையாளர்கள் காறித் துப்பினார்கள். அதை எழுதியவள், நிமிடத்துக்கு ஒருமுறை விழித்துக்கொண்டிருந்த செயலியைக் கால் மணிக்கு ஒருமுறை மட்டும் விழிக்கும்படி மாற்றினாள். அதற்குள் சோதனைப் போனின் பேட்டரி உப்பிவிட்டது. பேட்டரியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் போனை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

அப்புறமும் அந்தப் போனிலிருந்து அவளுடைய சொந்தப் போனுக்குக் கால் மணிக்கு ஒருமுறை தகவல் வந்தது. பேட்டரி பூஜ்யம், காலடி பூஜ்யம்.

மேலாளரின் அறைக்கு ஓடினாள். "சார், அதுல பேட்டரியே இல்ல சார்!"

"பேட்டரியே இல்லாம ஓடுதா? இதத்தானேம்மா ஆறு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்!" வாயெல்லாம் பல்லாக, உடனே வெளியிடச் சொல்லிவிட்டார்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த தகவல் வந்தது. பேட்டரி பூஜ்யம், காலடி பன்னிரண்டு.

அலமாரி பூட்டியபடியே இருந்தது. சாவி அவள் கையில்தான் இருந்தது. திறந்தால், உள்ளே காலி.

அங்கிருந்து தன் மேசைவரை எண்ணிக்கொண்டே நடந்தாள். சரியாகப் பன்னிரண்டு. மேசைமேல் அந்தப் போன், அவளுடைய சார்ஜரைச் செருகிக்கொண்டு, சமர்த்தாகப் படுத்திருந்தது.