ஏழாவது படம்

1958, பெரும்பாறைக் காப்பித் தோட்டப் பள்ளி. இருந்தவர்கள்: தொழிலாளர் ஆய்வாளர், மேஸ்திரி சிலுவைராஜ், டீச்சர் இசபெல்லா, காப்பிப்பழம் பறிக்கும் ஆறு பிள்ளைகள்.

பிள்ளைகள் தங்கள் வேலையை வரைந்த ஆறு படங்களை, ஆய்வாளர் பார்ப்பதற்காக டீச்சர் சுவரில் ஒட்டியிருந்தாள். இப்போது ஏழு இருந்தன. ஏழாவது முழுக்கக் கறுப்பு. மை காயவில்லை.

"ஏலே, இத யாரு வரஞ்சது?" என்றான் மேஸ்திரி.

"சண்முகவள்ளி," என்றது ஒரு பிள்ளை.

ஆய்வாளர் வரும்போதெல்லாம் பிள்ளைகள் வேலை செய்வதை மறைக்க மேஸ்திரி அவர்களை இருட்டுக் கிடங்கில் பூட்டிவைப்பான். போன தடவை சண்முகவள்ளி அங்கே மூச்சுமுட்டிச் செத்தாள். இந்தத் தடவை டீச்சர் யாரையும் அங்கே அனுப்பவில்லை; நடந்ததை ஆய்வாளரிடம் சொல்லியிருந்தாள்.

"கிடங்கத் தொறங்க," என்றார் ஆய்வாளர்.

"டீச்சரம்மாவுக்கு வேற சோலி இல்ல. வந்து பாருங்க சார், காலியாத்தான் கெடக்கு."

மேஸ்திரி திறந்து உள்ளே போனான். கதவருகில் யாரும் இல்லை. கதவு தானாக அவன் பின்னால் சாத்திக்கொண்டு, வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டது.